தாரிலிருந்து ஒரு மீட்டர்

புனுகுப்பூனையைத் தாண்டி இருபது அடி போய்விட்டேன். பிறகு ரிவர்ஸ் எடுத்தேன்.

இன்றைக்கு எது கிடந்தாலும் இறங்குவதில்லை என்று முடிவு செய்துதான் வீட்டிலிருந்து கிளம்பியிருந்தேன். ஏழாவது கிலோமீட்டர் கல்லுக்குப் பக்கத்தில் அது கிடப்பதைப் பார்த்ததும் சக்கரங்களுக்கு நடுவில் விட்டு அலுங்காமல் தாண்டினேன். முடிவு செய்தபடியே நடந்துகொண்டோம் என்று ஒரு நிம்மதிகூட வந்தது. அந்த நிம்மதி இருபது அடிதான் நின்றது. வேனை ஓரம் கட்டி, பின்னால் வந்த பால் வண்டி தாண்டிப் போகும்வரை காதில் செல்போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த வளைவில் சிக்னலே கிடையாது என்பது இந்தச் சாலையில் ஓட்டுகிற எல்லோருக்கும் தெரியும். பால் வண்டிக்காரர் போகிற போக்கில் ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனார். பிறகு சீட்டுக்கு அடியிலிருந்து பிளாஸ்டிக் கையுறைகளை உருவி மாட்டிக்கொண்டு இறங்கினேன். ரொட்டியை வெறுங்கையால் தொடக் கூடாது என்று பேக்கரியில் கொடுக்கிற கையுறைகள் அவை. இப்போதெல்லாம் எனக்கு மட்டும் மாதத்துக்கு ஒரு பெட்டி ஆகிறது. "நீ ரொட்டி போடுறியா, ஆபரேஷன் பண்றியா?" என்று ஸ்டோர்காரர் கேட்டுவிட்டார்.

பூனையின் உடம்பில் காயமே தெரியவில்லை. வாயோரம் மட்டும் கொஞ்சம் ரத்தம். வாலைப் பிடித்து இழுக்க மனசு வரவில்லை. இரண்டு கைகளையும் அடியில் கொடுத்துத் தூக்கினேன். மூன்று கிலோ இருக்கும். தலை என் முழங்கையில் சரிந்தது. தாரின் விளிம்பிலிருந்து எண்ணி நான்கு எட்டு வைத்து, பெரணிச் செடிகளுக்குப் பின்னால் இறக்கினேன். திரும்பி வந்து பாட்டில் தண்ணீரை ஊற்றி, ரத்தம் இருந்த இடத்தைச் செருப்பால் தேய்த்தேன். மணி ஐந்தரை. இன்னும் ஒரு மணி நேரத்தில் என் மனைவி இந்த வழியாக வருவாள்.

அவளுக்கு வேலையே செத்ததை எண்ணுவதுதான். இதைச் சொன்னால் புதிதாகப் பழகுகிறவர்கள் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் முழிப்பார்கள். காட்டு இலாகாவின் ஆராய்ச்சிப் பிரிவில் அவளை அதற்காகத்தான் வைத்திருக்கிறார்கள். மழைக்காட்டை நடுவில் பிளந்துகொண்டு போகிற இந்தச் சாலையில், நான்காவது கல்லிலிருந்து பத்தாவது கல் வரைக்கும், ஞாயிற்றுக்கிழமை தவிர்த்து தினமும் காலையில் ஸ்கூட்டரை உருட்டுகிற வேகத்தில் ஓட்டிக்கொண்டு போவாள். வண்டியில் அடிபட்டுக் கிடக்கிற ஒவ்வொரு மிருகத்துக்கும் ஒரு ஃபாரம். என்ன மிருகம், ஆணா பெண்ணா, எந்தக் கல், எந்தப் பக்கம், எத்தனை மணி. எழுதி முடித்ததும் மறுநாள் இரண்டாம் முறை எண்ணிவிடாமல் இருக்க அதைக் காட்டுக்குள் தள்ளிவிடுவாள். கீழே ஊர்க் கடைகளில் அவளுக்கு 'எமனுடைய கணக்குப்பிள்ளை' என்று பெயர். முதலில் கோபப்பட்டாள். அப்புறம் ஒருநாள் கடைக்காரர் சில்லறை குறைத்துக் கொடுத்தபோது, "பார்த்துக்குங்க, உங்க ஃபாரமும் என்கிட்டதான் இருக்கு" என்று சொல்லிவிட்டு வந்தாள். அன்றிலிருந்து கடைத்தெருவில் அவளிடம் யாரும் வாலாட்டுவதில்லை.

அந்த ஃபாரத்தில் ஒரு விதி உண்டு. தாரின் விளிம்பிலிருந்து ஒரு மீட்டருக்குள் கிடந்தால்தான் கணக்கு. அதற்கென்று அலுமினியக் குழாய் ஒன்றைச் சரியாக ஒரு மீட்டருக்கு வெட்டி ஸ்கூட்டரில் கட்டி வைத்திருப்பாள். வேலையில் சேர்ந்த புதிதில் சாப்பிடும்போது இதைச் சொன்னாள்.

"அப்ப ஒண்ணரை மீட்டர்ல கெடந்தா?" என்று கேட்டேன்.

"கெடந்தா கெடக்குது. ஒரு மீட்டருக்கு மேல போயிட்டா வண்டி அடிச்சதா, சீக்கு வந்து செத்துதா, சிறுத்தை போட்டுட்டுப் போச்சான்னு யாரு சொல்றது? அது நெஜத்துல செத்ததுதான். என் ஃபாரத்துல சாகல."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவளும் சிரித்தாள். அந்த ஒரு வரி என் மண்டையில் அப்படியே உட்கார்ந்துகொண்டது.

சிரித்ததெல்லாம் முதல் சில மாதங்களோடு சரி. பிறகு அவள் வீட்டுக்கு வரும்போதே முகத்தைப் பார்த்து அன்றைய எண்ணிக்கையைச் சொல்லிவிடலாம் என்றாகிவிட்டது. ஒருநாள் தேவாங்கு ஒன்று செத்துக் கிடந்தது. அதன் வயிற்றைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அதன் குட்டி உயிரோடு இருந்தது. பிரித்தெடுக்க அரைமணி நேரம் ஆயிற்றாம். ஒவ்வொரு விரலாகப் பிரிக்கப் பிரிக்க அது திரும்பத் திரும்பப் பிடித்துக்கொண்டதாம். துணியில் சுற்றி ஆபீசுக்குக் கொண்டுபோனாள். சாயங்காலம் அதுவும் செத்துவிட்டது. இரண்டு நாள் அவள் சோறு தண்ணீர் இல்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். வேலையை விட்டுவிடு என்றேன். "நான் எண்ணலைன்னா நின்னுடப் போகுதா?" என்றாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ரொட்டி வேன் ஓட்டுகிறவனுக்கு என்ன தெரியும்? மிருகங்களைச் சாகாமல் வைக்க எனக்கு வழி தெரியாது. அவள் கண்ணில் படாமல் வைக்கத் தெரியும். நான் அவளுக்கு ஒரு மணி நேரம் முன்னால் அதே சாலையில் போகிறவன்.

இப்படித்தான் ஆரம்பித்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். இவ்வளவு சுத்தமாக ஆரம்பிக்கவில்லை என்றும் உள்ளுக்குள் ஒரு குரல் சொல்லும்.

இரண்டு வருஷம் அவள் எண்ணிய கணக்கை வைத்துத்தான் சாலையில் ஆறு இடங்களில் வேகத்தடை போட்டார்கள். அதுவரை மாதத்துக்கு இருபது, இருபத்தைந்து என்று இருந்த எண்ணிக்கை வேகத்தடை போட்ட முதல் மாதம் ஒன்பது ஆனது. அடுத்த மாதம் நான்கு. போன மாதம் ஒன்று. அவள் ஒரு அட்டையில் கோடு போட்டு, அந்தக் கோடு மேலிருந்து கீழே மளமளவென்று இறங்குவதைச் சுவரில் மாட்டி வைத்தாள். குளிக்கும்போது பாட ஆரம்பித்தாள். கல்யாணமான புதிதில் பாடியது. கன்னத்தில் கொஞ்சம் சதை போட்டது. நான் ஒரு கையில் டீயை வைத்துக்கொண்டு அந்த அட்டையைப் பார்த்தபடி நிற்பேன். "என்ன அப்படிப் பாக்குறீங்க? உங்க பொண்டாட்டி சாதனை" என்பாள். உண்மையில் அது யாருடைய சாதனை, அதில் வேகத்தடை எவ்வளவு, நான் எவ்வளவு என்று எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஏனென்றால் வேகத்தடை போட்ட அதே வாரத்தில்தான் நானும் என் வேலையை ஆரம்பித்திருந்தேன்.

நேற்று, திங்கட்கிழமை சாயங்காலம், ஆபீசிலிருந்து வந்தவள் கைப்பையைக்கூட இறக்காமல் சமையலறை வாசலில் நின்றாள்.

"வியாழக்கிழமை பதினோரு மணிக்கு மீட்டிங். மேடம் என்னையே பேசச் சொல்லிட்டாங்க. வேகத்தடையே போதும், ராத்திரி கேட் இனிமே வேணாம்னு முடிவு பண்ணப் போறாங்க."

இந்தச் சாலையின் இரண்டு முனைகளிலும் ராத்திரி பத்து மணியிலிருந்து காலை ஐந்து மணி வரை கேட் மூடியிருக்கும். ஆம்புலன்சைத் தவிர எதுவும் போக முடியாது. அந்த ஏழு மணி நேரம்தான் மிருகங்களுக்கென்று விட்டிருப்பது. கேட் திறந்தால் சரக்கு லாரிகள் விடிய விடியப் போகும்.

"நீ என்ன சொல்லப் போற?" என்றேன்.

"எனக்கே குழப்பமா இருக்கு. மனசு கேட் இருக்கணும்னுதான் சொல்லுது. ஆனா நானே எண்ணின கணக்கு, தேவையில்லைன்னு சொல்லுது. இத்தனை நாளா மனசை நம்பாதீங்க, நம்பரை நம்புங்கன்னு நான்தானே எல்லார்கிட்டயும் கத்திட்டிருந்தேன்? இப்ப மட்டும் நம்பர் வேணாம்னா எப்படி?" கொஞ்சம் யோசித்துவிட்டு, "நம்பர் பொய் சொல்லாதில்ல?" என்று என்னையே கேட்டாள்.

அப்போது சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். "டீ போடவா?" என்று வந்தது. ராத்திரி முழுக்கத் தூங்காமல் ஒரு முடிவுக்கு வந்தேன்: இனி எதையும் தொடுவதில்லை. செவ்வாய், புதன் இரண்டு நாளில் அவள் கண்ணில் ஒன்றிரண்டு பட்டுவிட்டால் அவளாகவே சந்தேகப்பட்டு, இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்று சொல்லிவிடுவாள். நானும் தப்பித்தேன், கேட்டும் தப்பித்தது. என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். அந்தப் புத்திசாலிதான் காலையில் இருபது அடி தாண்டி ரிவர்ஸ் எடுத்தவன். அவள் குனிந்து அந்தத் தலையைத் தூக்கிப் பார்ப்பதுபோல ஒரு காட்சி கண்ணில் வந்தது. கை தானாக கியரை மாற்றிவிட்டது.

இன்றைக்கும் சாலை சுத்தம் என்று சொல்லிக்கொண்டுதான் சாயங்காலம் வந்தாள். துணிகளைக் கூடையிலிருந்து வாளிக்கு மாற்றிக்கொண்டிருந்தவள் என் காக்கிச் சட்டையைக் கையில் எடுத்ததும் அப்படியே நின்றாள். மூக்கில் வைத்து முகர்ந்தாள். மறுபடியும் முகர்ந்தாள். புனுகு வாசனை சோப்புக்கே இரண்டு முறை போக்குக் காட்டும். அது எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும்.

"இது எங்கேருந்து வந்துச்சு?"

"எது?"

"முழிக்காதீங்க. புனுகுப்பூனை. முழங்கை முழுக்க அடிக்குது."

பேக்கரியில் ஏதோ எசென்ஸ் கொட்டிவிட்டது என்று சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது. பதினோரு வருஷமாக ஒரே கட்டிலில் படுக்கிற மனுஷியிடம் எசென்ஸ் கதை சொல்ல நாக்கு வரவில்லை. குளியலறை வாசலில் நின்றபடியே சொன்னேன். காலையில் நடந்ததைச் சொன்னேன், பிறகு அதற்கு முந்தியதை, அதற்கும் முந்தியதை. வாளியில் குழாய்த் தண்ணீர் நிரம்பி வழிந்து அவள் காலை நனைத்துக்கொண்டு ஓடியது. அவள் குழாயை மூடவில்லை. நான்தான் எட்டி மூடினேன்.

கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் உள்ளே போய்ப் பென்சிலும் வெற்று ஃபாரக் கட்டும் எடுத்துக்கொண்டு வந்து சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தாள்.

"எத்தனை?"

"பன்னெண்டு இருக்கும்."

"இருக்கும்னா?"

"பதினாலு. இல்ல... ரெண்டு அணிலைச் சேர்த்தா பதினாறு. நான் எண்ணல."

அவள் பென்சிலை மேஜையில் வைத்தாள். "எண்ணல" என்று நான் சொன்னதையே மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். தேதி கேட்டாள், தெரியவில்லை. எந்தக் கல் என்று கேட்டாள்; சிலது தெரிந்தது, சிலது தெரியவில்லை. ஆணா பெண்ணா என்று அவள் கேட்கக்கூட இல்லை. எனக்கு நினைவிருந்ததெல்லாம் அவளுடைய ஃபாரத்தில் எழுத இடமில்லாதவை. ஒன்றின் உடம்பு இன்னும் சூடாக இருந்தது. முள்ளம்பன்றி ஒன்று கையுறையைக் கிழித்து உள்ளங்கையில் குத்தியது, அவளிடம் ரொட்டி டிரேயின் ஆணி கிழித்துவிட்டது என்று சொன்னேன். ஒரு குரங்கின் கைவிரல் நகங்கள் என்னுடையதைப் போலவே இருந்தன. இதையெல்லாம் சொல்லச் சொல்ல அவள் எதையும் எழுதாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முதல்ல எது?" என்றாள்.

"சருகுமான். ஆறாவது கல்லு வேகத்தடைக்குப் பக்கத்துல."

"கெடந்துச்சா? இல்ல நீங்க அடிச்சீங்களா?"

இந்தக் கேள்விக்காகத்தான் இத்தனை நாளும் நான் பயந்திருக்கிறேன் என்பது அவள் கேட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது.

"தெரியல."

"தெரியலன்னா என்ன அர்த்தம்?"

"வேகத்தடை புதுசு. ஏறி இறங்கினா பின்னாடி டிரே எல்லாம் குதிச்சு டமார்னு சத்தம் வரும். அன்னைக்கும் வந்துச்சு. டிரேயா இருக்கும்னு நினைச்சேன். கண்ணாடியில பார்த்தா அது ரோட்டுல கெடக்குது. எனக்கு முன்னாடி போன வண்டி அடிச்சிருக்கலாம். நானா இருக்கலாம். எறங்கிப் பார்த்தேன். நீ வந்து இதை எழுதுவியேன்னு நினைச்சேன். எடுத்து உள்ள போட்டுட்டேன்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை. "எல்லாம் உனக்காகத்தான்" என்றேன்.

"எனக்காகவா?" அவள் எழுந்து நின்றாள். "கேட் எடுத்துட்டா நீ மூணு மணிக்கே கிளம்பலாம். அஞ்சு மணி வரைக்கும் லைன்ல நிக்க வேணாம். ஒம்பது மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துடலாம். அதுவும் எனக்காகத்தானா?"

தூக்கக் கலக்கத்தில் தவிர, பதினோரு வருஷத்தில் முதல்முறையாக என்னை 'நீ' என்றாள். அது சுருக்கென்று தைத்தது. ஆனால் அதைவிட அவள் சொன்னதுதான் என்னைக் குழப்பிவிட்டது. சத்தியமாக நான் அப்படி நினைக்கவில்லை என்று சொல்ல வந்தேன். ஆனால் ஒருநாள் கேட் வரிசையில் நின்றபோது நினைத்திருக்கிறேன். கேட்டில் இருக்கிறவரை நாங்கள் 'பூட்டு' என்று கூப்பிடுவோம். "உன் பொண்டாட்டி கணக்கு இப்படியே போனா எனக்கு வேலை போயிடும்யா" என்று அவர் சிரித்தபோது, போனால் நமக்கு இரண்டு மணி நேரம் மிச்சம் என்று மனசுக்குள் ஒரு கணக்கு ஓடியது. அதே வாரத்தில் ஒரேநாளில் இரண்டு உடல்களை இழுத்துப் போட்டேன். எது முதலில், கேட்டில் நினைத்ததா, இழுத்துப் போட்டதா? நினைவில்லை. நினைவில்லை என்பதை அவளிடம் சொன்னேன். வேறு எதைச் சொல்வது?

"வியாழக்கிழமை நான் என்னன்னு சொல்லட்டும்?" என்றாள். "என் புருஷன் பாசத்துல எல்லாத்தையும் அள்ளிப் போட்டுட்டாருன்னா? மூணு மாசக் கணக்கு தப்புன்னு சொன்னா, அப்ப முன்னாடி ரெண்டு வருஷம் மட்டும் சரியான்னு கேப்பாங்க. வேகத்தடை போட்டதே என் கணக்கை வெச்சுத்தான். அதையும் பேத்துடுவாங்க. சொல்லலைன்னா கேட்டைத் திறந்துடுவாங்க. நீயே சொல்லு."



புதன்கிழமை காலையில் வேனை வேறு டிரைவரிடம் விட்டுவிட்டு அவளுடைய ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போனேன். கூப்பிட்டது அவள்தான். "எங்க போட்டீங்கன்னு காட்டுங்க. கெடைச்சதை எழுதறேன்" என்றாள். 'நீங்க' திரும்பி வந்திருந்தது. ஆனால் அது வீட்டில் சொல்கிற 'நீங்க' இல்லை, ஆபீசில் வெளியாளிடம் சொல்கிற 'நீங்க'.

பகல் வெளிச்சத்தில் அந்தச் சாலை எனக்குப் பிடிபடவே இல்லை. நான் வேலை பார்த்ததெல்லாம் ஹெட்லைட்டை அணைத்த பிறகு, பாதி இருட்டில். இப்போது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மரம், ஒரே மாதிரி கொடி, ஒரே மாதிரி பெரணி. மேலே கிளைகள் சாலையை மூடியிருந்தன. மழை விட்ட பிறகும் இலைகளிலிருந்து சொட்டிக்கொண்டே இருந்தது. நான் கையைக் காட்டுவேன்; அவள் இறங்கிக் குச்சியால் விலக்கித் தேடுவாள்; கால் முழுக்க அட்டைகள் ஏறும்; உதறிவிட்டு மறுபடியும் தேடுவாள். நேற்றைய புனுகுப்பூனை இருந்த இடத்தில் அது இல்லை. எதுவோ இழுத்துக்கொண்டு போயிருந்தது. ஆறாவது கல்லில் ஒரு கைப்பிடி முள்ளம்பன்றி முட்கள் கிடைத்தன. எட்டாவதில் பென்சில் கனத்தில் ஒரு கால் எலும்பு, குளம்போடு. மற்ற இடங்களில் ஒன்றுமே இல்லை. இந்தக் காடு எதையும் ஒரு வாரம் வைத்திருக்காது. எறும்பும் புழுவும் மழையும் சேர்ந்து, நான் பாட்டில் தண்ணீர் ஊற்றி மறைத்ததைவிடச் சுத்தமாக மறைத்துவிட்டிருந்தன. மூன்று ஃபாரம் எழுதினாள். ஒன்றில் மிருகத்தின் பெயருக்கு நேரே 'கணவர் சொன்னபடி' என்று எழுதி, உடனே அடித்துவிட்டாள்.

ஒன்பதாவது கல்லில் இடது பக்கம் காட்டினேன். அவள் தேடினாள். ஒன்றுமில்லை. "ஒருவேளை அந்தப் பக்கமோ" என்றேன். அவள் என்னைத் திட்டவில்லை. சாலையைக் கடந்து வலது பக்கச் சரிவில் இறங்கினாள். வேரைப் பிடித்துப் பிடித்து இறங்கினாள். பெரணிகளுக்கு மேலே அவளுடைய தலை மட்டும் தெரிந்தது.

"இங்க வாங்க" என்றாள்.

ஒரு மரத்தின் வேர்களுக்கு நடுவில் உருண்டையாக ஏதோ இருந்தது. பெரிய காய்ந்த பழம் என்று நினைத்தேன். குனிந்த பிறகுதான் செதில்கள் தெரிந்தன. அழுங்கு, எறும்புதின்னி. ஆபத்து வந்தால் சுருண்டுகொள்ளுமே, அப்படியே சுருண்டிருந்தது. உள்ளே இருந்ததையெல்லாம் எறும்புகள் தின்றுவிட்டிருக்க வேண்டும், வெறும் கூடு. முதுகில் ஒரு பக்கம் நான்கைந்து செதில்கள் உடைந்து, உள்ளே நசுங்கியிருந்தன.

"இது நீங்க போட்டதா?"

"இல்ல."

"யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிக்கவே வேணாம். இதை நான் பார்த்ததே இல்ல."

நேற்றிலிருந்து அவள் கேட்டதில் நான் தடுமாறாமல் சொன்ன ஒரே பதில் அது. அவள் நம்பினாள் என்றுதான் நினைக்கிறேன். ஏனென்றால் அவள் முகம் அப்படியே பேயறைந்ததுபோல ஆகிவிட்டது. மேலே சாலையைப் பார்த்தாள். கீழே அதைப் பார்த்தாள். குழாயை வைத்து அளந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நான்கரை மீட்டர்.

"இந்தக் காட்டுல அழுங்கே இல்லைன்னு போன வருஷ ரிப்போர்ட்ல எழுதியிருக்கேன்" என்றாள். "ரெண்டரை வருஷம். ஒண்ணைக்கூடப் பார்க்கல."

"வண்டி அடிச்சதா?"

"அடிபட்டுட்டு இவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கும். இல்ல, மேலேருந்து உருண்டு வந்திருக்கும். இல்ல, மரம் எதாவது விழுந்திருக்கும். தெரியல." பிறகு என்னிடம் இல்லாமல், அந்தச் செதில்களிடம் சொல்வதுபோல, "அப்ப இத்தனை நாளா நான் எதை எண்ணினேன்?" என்றாள்.

எனக்கு அவள் தோளைத் தொட வேண்டும்போல இருந்தது. தொட்டேன். அவள் விலகவில்லை, சாயவும் இல்லை. என்னிடம் பென்சிலையும் ஃபாரத்தையும் நீட்டி, "எழுது" என்றாள். இது எந்த 'நீ' என்று எனக்குத் தெரியவில்லை. கோபத்தில் வருகிறதும் இல்லை, கட்டிலில் பாதித் தூக்கத்தில் வருகிறதும் இல்லை. தேதியை எழுதினேன். ஒன்பதாவது கல் என்று எழுதினேன். வலது பக்கம் என்று எழுதினேன். சாவுக்குக் காரணம் என்ற இடத்துக்கு வந்ததும் அவளை நிமிர்ந்து பார்த்தேன். அவள் மழைக்கோட்டைக் கழற்றி விரித்து, அந்த உருண்டையை வேர்களிலிருந்து விடுவித்துக்கொண்டிருந்தாள். ஒரு செதில்கூட உதிரக் கூடாது என்பதுபோல அவ்வளவு மெதுவாக.

"இதை மீட்டிங்குக்கு எடுத்துட்டுப் போறியா?"

"எடுத்துட்டுப் போறேன்."

"என்னன்னு சொல்லுவ?"

அவள் மழைக்கோட்டின் முனைகளைச் சேர்த்து மூட்டையாக முடிந்தாள்.

நான் முதலில் மேலே ஏறி, அவளுக்குக் கை கொடுக்கத் திரும்பினேன். அப்போது வளைவுக்கு அந்தப் பக்கம் லாரி இறங்குகிற சத்தம் கேட்டது. அவள் இரண்டு கைகளிலும் மழைக்கோட்டு மூட்டையை ஏந்திக்கொண்டு விளிம்புக்கு வந்துவிட்டிருந்தாள். பிடிக்க அவளுக்குக் கை இல்லை. ஸ்கூட்டர் சாலைக்கு எதிர்ப்பக்கம் நின்றது. நான் எதையும் யோசிக்காமல் சாலையின் நடுவுக்கு ஓடி, இரண்டு கைகளையும் அகல விரித்துக்கொண்டு நின்றேன். லாரி கிறீச்சென்று நின்றது. எனக்கும் அதற்கும் நடுவில் ஒரு ஆள் படுக்கிற இடம்தான் இருந்தது. டிரைவர் கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினார். என்னைப் பார்த்தார், எனக்குப் பின்னால் ஈரமாக, சுத்தமாகக் கிடந்த தாரைப் பார்த்தார்.

"என்னங்க, ரோட்டுல ஏதாவது கெடக்குதா?"

கையை இறக்காமல் நின்றேன். எனக்குப் பின்னால் அவள் மெல்ல, ஒவ்வொரு அடியாக வைத்து, சாலையைக் கடந்துகொண்டிருந்தாள்.